கூர்க்கன் கிழங்கும் இரசாயனச் சலாகையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் இசையும் நடனமும் பட்டிமன்றமும் நிகழ்வதே நம் வழக்கம். அவற்றுக்கு நடுவே இரசாயனத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சதங்கை கட்டிய குழந்தைகள் திரைக்குப் பின்னே காத்திருக்கின்றனர் என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. ஆயினும், அம்பர்நாத்தில் குடியேறி வாழும் நமக்கு இப்பொருள் அயலானதன்று. 1060-ஆம் ஆண்டில் எழுந்த சிவன் கோயில் இவ்வூரின் பழம்பெருமை என்றால், படைக்கலத் தொழிற்சாலையும் இரசாயனத் தொழிற்சாலைகளும் இதன் இன்றைய முகம். காற்றுத் திரும்பிய மாலைகளில் கண்ணை மூடிக்கொண்டு இரயிலில் வந்தாலும் நம் ஊர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். நம் குடும்பங்களில் ஒருவரேனும் மருந்துத் தொழிலிலோ இரசாயனத் தொழிலிலோ வேலை பார்க்கிறார். இல்லையேல் ஒரு பிள்ளையேனும் அதைப் படிக்கிறது. ஆகவே, ஒரு மருந்து எப்படித் தோன்றுகிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது, அதன் முதற்படியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று துணிந்தோம்.

அந்த முதற்படி என்ன? நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை செய்கின்றன. நோயுற்ற உடலைக் காணும் ஆராய்ச்சியாளர், ‘இன்ன புரதம் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது, அதைத் தடுத்தால் நோய் தணியும்’ என்று ஒரு கருத்தைக் கொள்கிறார். அது வெறும் கருத்தே. அது மெய்யா பொய்யா என்று தெரிய வேண்டுமானால், அந்தப் புரதத்தை மட்டும் தொட்டுப் பார்க்கும் ஒரு பொருள் வேண்டும். அதை உயிரணுவில் இட்டு, நடப்பதை நோக்க வேண்டும். இத்தகைய பொருளை ஆங்கிலத்தில் ‘கெமிக்கல் ப்ரோப்’ என்கின்றனர். நாம் இதனை ‘இரசாயனச் சலாகை’ என்று அழைப்போம். நம் பழைய வைத்தியர்கள் புண்ணின் ஆழத்தையும் போக்கையும் அறிய மெல்லிய சலாகையை உள்ளே விட்டுப் பார்த்தனர் அல்லவா? அதே வேலைதான் இதற்கும். புண்ணை ஆற்றுவது சலாகையின் தொழிலன்று. புண் எங்கே போகிறது என்று சொல்வதே அதன் தொழில்.

மருந்து வேறு, சலாகை வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்கு வேண்டிய குணங்கள் பல. வயிற்றில் கரைய வேண்டும். இரத்தத்தில் சில மணி நேரமாவது நிற்க வேண்டும். கல்லீரலைக் கெடுக்கக் கூடாது. விலையும் கைக்கு எட்ட வேண்டும். அது இரண்டு மூன்று இடங்களில் வேலை செய்தாலும் நோயாளிக்கு நன்மை விளைந்தால் யாரும் குறை சொல்லமாட்டார். சலாகைக்கோ இவற்றுள் பெரும்பாலானவை தேவையில்லை. அதற்கு வேண்டியது வாய்மை ஒன்றே. இரண்டு இடங்களைத் தொடும் சலாகை, எந்த இடத்தைத் தொட்டதால் விளைவு ஏற்பட்டது என்று சொல்லாது, சொன்னாலும் நம்புவதற்கில்லை.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் முலுண்டு நிலையத்தில் இறங்கினால் போதும். பம்பாய் என வழங்கிய இந்நகரில் மருந்து ஆராய்ச்சி தழைத்த காலம் ஒன்று உண்டு. கோரேகாவில் 1963-ஆம் ஆண்டு தொடங்கிய சிபா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்க வந்தவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரி என்பதை இந்த அவையில் நினைவுகூர்வது பொருத்தமே. முலுண்டில் ஹெக்ஸ்ட் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1970-களில் அங்கே இந்திய மூலிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாறு இறக்கி, அவற்றின் குணங்களைச் சோதித்து வந்தனர். அவ்வாறு சோதித்தவற்றுள் ஒன்று கூர்க்கன்.

கூர்க்கன் என்றதும் திருநெல்வேலிப் பக்கத்தார்க்கும் மலையாள நாட்டு அண்டை வீட்டார்க்கும் பொங்கல் காலத்துச் சிறுகிழங்கு நினைவுக்கு வரும். நாம் சொல்லும் செடி அதற்குத் தங்கை முறை. மருந்துக்கூர்க்கன் என்பது அதன் பெயர். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லியும் இதே இனத்தைச் சேர்ந்ததே. குஜராத்தியர் இதன் வேரைக் ‘கர்மர்’ என்று ஊறுகாய் போடுகின்றனர். சேலம், ஆத்தூர் வட்டாரங்களில் இன்று இதைப் பயிராகவே இட்டு, வேரைக் காயவைத்து நிறுவனங்களுக்கு விற்கின்றனர். தாவர நூலார் இதற்குக் கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்று பெயரிட்டனர். ஃபோர்ஸ்கால் என்பவர் லின்னேயஸின் மாணாக்கர். செடிகளைத் தேடி அரபு நாட்டுக்குச் சென்று, 1763-ஆம் ஆண்டில் ஏமன் நாட்டிலேயே உயிர் நீத்தவர். இந்தியாவைக் காணாத ஒருவர் பெயர் நம் வயல் செடியின் மேல் ஒட்டிக்கொண்டது.

முலுண்டு நிலையத்தார் இவ்வேரிலிருந்து ஒரு படிகப் பொருளைப் பிரித்தெடுத்தனர். சுஜாதா பட், நோயல் டிசூசா முதலியோர் 1977-இல் அதன் அணு அமைப்பை வெளியிட்டனர். கரி அணுக்கள் 22, ஹைட்ரஜன் 34, ஆக்சிஜன் 7 கொண்ட அப்பொருளுக்கு ஃபோர்ஸ்கோலின் என்று பெயராயிற்று.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஏறத்தாழ அதே காலத்தில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும் அதே செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் கோலியோனால் என்று பெயரிட்டிருந்தனர். அவர்கள் முதலில் கூறிய அமைப்பு, முலுண்டார் கூறியதிலிருந்து ஓரிடத்தில் வேறுபட்டது. ஆகவே இரண்டும் வெவ்வேறு பொருள் என்றே பலரும் கருதினர். இரண்டும் ஒன்றே என்பது 1985-இல் உறுதியாயிற்று. இதனால் யாருடைய உழைப்பும் தாழ்ந்துவிடவில்லை. ஆயினும் சலாகையைச் சோதிப்பவர்க்கு முதற்கேள்வி எது என்பது விளங்குகிறது. புட்டியின் மேல் ஒட்டிய பெயருக்கு உரிய பொருள்தான் உள்ளே இருக்கிறதா? எவ்வளவு தூய்மையாக இருக்கிறது? நம் ஊர்த் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரியும் அன்பர்களுக்கு இக்கேள்வி அன்றாடச் சோறு. பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடங்களில்தான் இதைக் கேட்க மறந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

ஃபோர்ஸ்கோலின் என்ன செய்தது? இதயத்தின் துடிப்புக்கு வலிமை கூட்டியது. இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. இதனை 1978-இல் ஹெக்ஸ்ட் நிறுவனத்தார் வெளியிட்டனர். எவ்வழியால் இதைச் செய்கிறது என்பது அப்போது விளங்கவில்லை. இதை விளக்க உடலுக்குள் நடக்கும் ஒரு செய்தியைச் சிறிது சொல்ல வேண்டும். திடுக்கிட்டுப் பயந்தால் நெஞ்சு படபடக்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் இரத்தத்தில் ஓடி வந்து இதய உயிரணுவின் வாசலைத் தட்டுகிறது. அது வீட்டுக்குள் நுழைவதில்லை. வாசலில் நிற்கும் காவலன் உள்ளே இருக்கும் ஒரு நொதிக்குச் சைகை காட்டுகிறான். அடினைலைல் சைக்ளேஸ் என்னும் அந்த நொதி, ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்ற சிறு மூலக்கூறை ஆக்கி உள்ளெங்கும் அனுப்புகிறது. அந்தத் தூதனைக் கண்டுதான் உயிரணு வேலையைத் தொடங்குகிறது. இத்தூதனைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாண்டு என்பவர்க்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வோர் உறுப்பிலும் வாசற்காவலர் வேறு. தட்டும் சுரப்பு நீரும் வேறு. ஆனால் உள்ளே அனுப்பப்படும் தூதன் பெரும்பாலும் இவனே. 1981-இல் அமெரிக்க நாட்டில் சீமன், பாட்ஜெட், டேலி என்னும் மூவர், ஃபோர்ஸ்கோலின் வாசலைத் தட்டாமலே உள்ளே இருக்கும் நொதியைத் தூண்டுகிறது என்று காட்டினர். ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் மெட்ஸ்கர், லிண்ட்னர் ஆகியோரும் அதே ஆண்டில் அதையே கூறினர். எந்த உறுப்பாயினும், எந்தக் காவலனாயினும், தூதனை மட்டும் வரவழைத்துப் பார்க்க ஒரு கருவி கிடைத்துவிட்டது. உலகெங்கும் உயிரியல் ஆராய்ச்சிக் கூடங்களில் அது புழங்கத் தொடங்கியது, இன்றும் புழங்குகிறது. ‘ஃபோர்ஸ்கோலினை இட்டோம், இன்ன விளைவு தோன்றியது, ஆகவே இது சைக்ளிக் ஏ.எம்.பி.யின் வேலை’ என்று முடிவு கூறும் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

அந்த ‘ஆகவே’ என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது.

1985-ஆம் ஆண்டளவில், உயிரணுவுக்குள் குளுக்கோஸைக் கொண்டு செல்லும் புரதத்தை ஃபோர்ஸ்கோலின் தடுக்கிறது என்று தெரியவந்தது. தூதனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதிக அளவில் இட்டால் மட்டும் தோன்றும் குறை இது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. சைக்ளேஸைத் தூண்டுவதற்கு இடும் அளவிலேயே இதுவும் நிகழ்கிறது. 1988-இல், நரம்புகளில் பொட்டாசியம் செல்லும் வாயில்களையும் அது நேரே பாதிக்கிறது என்று காட்டினர். வேறு சில புரதங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 1989-இல் சீமனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ஆய்வுரையின் தலைப்பே ஒரு கேள்வியாக அமைந்தது. ஃபோர்ஸ்கோலின் குறித்த ஒன்றை மட்டும் தூண்டுவதா, பல இடங்களில் வேலை செய்வதா என்று கேட்டது அத்தலைப்பு. தாம் பெயர் வாங்கித் தந்த பொருளின் மேல் தாமே ஐயத்தை எழுப்பினார் சீமன். இதைப் பெருந்தன்மை என்று சொல்வதைவிட நல்ல பழக்கம் என்று சொல்வதே பொருந்தும்.

ஐயம் எழுந்த பின் என்ன செய்வது? சலாகையைக் குப்பையில் எறிவதா? அங்கேதான் கூர்க்கன் செடியே கைகொடுத்தது. ஃபோர்ஸ்கோலினைப் போன்றே அமைந்து, இரண்டு ஆக்சிஜன் மட்டும் குறைந்த உடன்பிறப்பு ஒன்று உண்டு. 1,9-டைடியாக்சி ஃபோர்ஸ்கோலின் என்பது அதன் நீண்ட பெயர். அது அடினைலைல் சைக்ளேஸைத் தூண்டுவதில்லை. ஆனால் குளுக்கோஸ் கடத்தலை, வலிமை குறைவாயினும், தடுக்கிறது; பொட்டாசிய வாயில்களையும் பாதிக்கிறது. அதாவது அண்ணனின் நற்குணம் இல்லாமல் குற்றங்களை மட்டும் கொண்ட தம்பி! குடும்பத்தில் இப்படி ஒருவன் இருந்தால் வருந்துவோம். ஆராய்ச்சிக் கூடத்திலோ அவனே பெருஞ்செல்வம்.

ஏனெனில், ஒரே சோதனையை இருவரையும் வைத்துச் செய்யலாம். அண்ணன் இட்டபோது தோன்றிய விளைவு தம்பி இட்டபோதும் தோன்றினால், அது சைக்ளேஸால் வந்ததன்று. அண்ணனால் மட்டும் தோன்றினால், சைக்ளேஸால் வந்திருக்கலாம். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் வேறு வழியாகவும் அதே ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். உயிரணுவுக்குள் நுழையும்படி மாற்றியமைத்த சைக்ளிக் ஏ.எம்.பி.யையே நேராக இட்டுப் பார்க்கலாம். அல்லது தூதனை அழிக்கும் நொதியைத் தடுத்து, தூதன் உள்ளே பெருகும்படி செய்யலாம். மூன்று வழிகளும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டால்தான் அவ்வூர் மெய்யாகவே அங்கே இருக்கிறது.

தூதனை அழிக்கும் நொதி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் காப்பியில் உள்ள காஃபீனும் ஆராய்ச்சிக் கூடத்தில் அந்நொதியைத் தடுக்கிறது. ஆகவே காப்பி தரும் சுறுசுறுப்புக்கு அதுவே காரணம் என்று ஒரு காலத்தில் கருதினர். ஆனால் அந்தத் தடைக்கு வேண்டிய அளவை எட்ட எத்தனை டம்ளர் குடிக்க வேண்டுமோ! மாதுங்காவில் காலை ஆறு மணிக்குக் காப்பிக்கு நிற்பவர்களாலும் முடியாது. நாம் குடிக்கும் அளவில் காஃபீன் வேலை செய்வது பெரும்பாலும் வேறோர் இடத்தில். அடினோசின் என்னும் பொருள் வந்து தங்கும் இருக்கையை அது பிடித்துக்கொள்கிறது. இட்ட அளவு என்ன என்று கேளாமல் காரணம் கூறக் கூடாது என்பதற்குக் காப்பியே சாட்சி.

ஃபோர்ஸ்கோலின் நொதியின் எந்த இடத்தில் அமர்கிறது என்பதும் 1997-இல் படிகங்களின் வழியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நொதியின் இரு பாதிகள் கூடும் இடுக்கில் அது ஆப்புப் போலச் செருகிக்கொண்டு, இரண்டையும் இறுகச் சேர்க்கிறது. உயிரணுவின் மேலுறையில் உள்ள சைக்ளேஸ்கள் ஒன்பது வகை. ஒன்பதாவது வகை மட்டும் ஃபோர்ஸ்கோலினுக்கு மசிவதில்லை. இதனையும் அறிந்து பயன்படுத்துபவர்க்கே அது நல்ல கருவி.

இனி, இக்காலத்தில் சலாகைக்கு என்ன இலக்கணம் வகுத்திருக்கின்றனர் என்று பார்ப்போம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல நாட்டு விஞ்ஞானிகளும் சில மருந்து நிறுவனத்தாரும் கூடி, பொதுவாக ஒப்புக்கொண்ட அளவுகள் சில உண்டு. தனித்த புரதத்தோடு சோதிக்கும்போது 100 நானோமோலருக்குக் குறைந்த செறிவிலேயே வேலை செய்ய வேண்டும். அதே குடும்பத்துப் பிற புரதங்களைத் தொடுவதற்கு 30 மடங்காவது கூடுதல் செறிவு தேவைப்பட வேண்டும். உயிரணுவுக்குள் ஏறத்தாழ 1 மைக்ரோமோலர் அளவில் குறித்த புரதத்தைத் தொட்டதற்குச் சான்று வேண்டும். செயலற்ற தம்பி ஒருவனும் உடன் இருக்க வேண்டும்.

நானோமோலர் என்பது தாய்மார்களுக்கு விளங்கும்படி ஒரு கணக்குச் சொல்வோம். மூலக்கூறு எடை 400 உள்ள ஒரு பொருளில் 100 நானோமோலர் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 40 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராம் பொருளை 25,000 லிட்டரில் கரைக்க வேண்டும். நம் குடியிருப்புக்குக் கோடையில் 10,000 லிட்டர் டாங்கர் வருமானால், இரண்டரை டாங்கருக்கு ஒரு சிட்டிகை! அத்தனை மெலிந்த நிலையிலும் தன் புரதத்தைத் தேடிப் பிடிப்பதே தகுதியான சலாகை. இந்த அளவுகோலை வைத்தால் நம் ஃபோர்ஸ்கோலினே தேறாது. அதற்கு மைக்ரோமோலர் கணக்கில், லிட்டருக்குச் சில மில்லிகிராம் வரை வேண்டியிருக்கிறது. இருந்தும் அதனை ஒதுக்கவில்லை. அதன் குறைகள் அனைவர்க்கும் தெரிந்தவை. தம்பியும் உடன் இருக்கிறான். குறை தெரிந்த பழைய கருவி, குறை தெரியாத புதிய கருவியைவிட நம்பத்தக்கது என்றே நாம் கருதுகிறோம்.

புதிய காலத்துச் சலாகைகளில் பெயர் பெற்றது 2010-இல் வெளியான ஜே.க்யூ.1. வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வேறுபாடு போல, ஒரே அணுக்கள் கொண்டு கண்ணாடிப் பிம்பமாக அமைந்த இரு வடிவங்கள் அதற்கு உண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றது செய்யாது. இரண்டையும் வைத்தே சோதிக்கும்படி செய்ததும், கேட்ட ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் தடையின்றி வழங்கியதும் அதனை ஆக்கியோரின் சிறப்பு.

சலாகையைச் சோதிக்காமல் விட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. இனிபரிப் என்று ஒரு பொருள் இருந்தது. புற்றுநோய் உயிரணு தன் மரபுப் பொருளைப் பழுது பார்க்க உதவும் பார்ப் என்னும் நொதியை அது தடுக்கிறது என்று கருதினர். மார்புப் புற்றுநோயில் எளிதில் வசப்படாத ஒரு வகையால் துன்புற்ற 123 பெண்களிடம் அதனைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் நீண்டதாகத் தோன்றியது. அம்முடிவு 2011-இல் வெளியாயிற்று, உலகமே மகிழ்ந்தது. அதே ஆண்டில், 519 நோயாளிகளைக் கொண்ட பெருஞ்சோதனை தோல்வியுற்றது. மறு ஆண்டில் ஆராய்ச்சிக் கூடத்தில் மீண்டும் பார்த்தபோது, இனிபரிப் உயிரணுவுக்குள் அந்நொதியை உருப்படியாகத் தடுக்கவே இல்லை என்று தெரிந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை கடைசியில் நடந்தது.

இதில் இரண்டு தீங்குகள் உண்டு. நோயால் வாடிய பெண்கள் தங்கள் எஞ்சிய மாதங்களை நம்பி ஒப்படைத்தனர். அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர இயலாது. மற்றொன்று, பார்ப் நொதியைத் தடுத்தல் என்ற நல்ல கருத்தின் மேலேயே பழி விழுந்தது. மெய்யாகவே அந்நொதியைத் தடுக்கும் ஒலாபரிப் 2014-இல் அனுமதி பெற்று, இன்று பல பெண்களுக்குப் பயன்படுகிறது. பொய்ச் சலாகையை நம்பி அந்த வழியையே மூடியிருந்தால் இவர்களின் கதி என்ன?

அண்மைக் காலத்தில் வேறொரு சோதனையும் வந்திருக்கிறது. குறித்த புரதத்தை ஆக்கும் மரபணுவையே உயிரணுவிலிருந்து வெட்டி எடுத்துவிடுவது அது. புரதம் இல்லாத உயிரணுவில் சலாகையை இட்டால் எந்த விளைவும் தோன்றக் கூடாது. பூட்டே இல்லாத கதவில் சாவி என்ன செய்யும்? அமெரிக்காவில் ஷெல்ட்சர் என்பவரும் அவர் குழுவினரும், புற்றுநோய்க்கு இன்றியமையாதது என்று பலர் கூறிவந்த மெல்க் என்னும் புரதத்தை 2017-இல் இவ்வாறு நீக்கினர். புற்றுநோய் உயிரணுக்கள் நன்றாகவே வளர்ந்தன. மெல்க்கைத் தடுப்பதாகச் சொல்லப்பட்ட மருந்தை இட்டனர். மெல்க் இல்லாத உயிரணுக்களும் முன்போலவே மாண்டன! கொன்றது வேறு வழி. 2019-இல் அவர்கள் பத்துப் பொருட்களை இம்முறையில் சோதித்து, அவை அறிவித்த வழியால் உயிரணுக்களைக் கொல்லவில்லை என்று காட்டினர். அவற்றுள் சில அப்போதே நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வந்தன.

மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சளில் உள்ள குர்க்குமின் எந்த நோய்க்கும் மருந்து என்று நாளிதழ்களில் வராத வாரம் இல்லை. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. 2017-இல் மருந்து இரசாயன அறிஞர்கள் சிலர் அவற்றை ஆராய்ந்து, குர்க்குமின் ஒரு மோசமான சலாகை என்று எழுதினர். அது தானே ஒளிவிடுவதால் ஒளியை அளக்கும் கருவிகளை ஏமாற்றுகிறது; பல புரதங்களோடு கண்டபடி ஒட்டுகிறது; கரைசலில் நிலைக்காமல் சிதைகிறது; உண்டால் இரத்தத்தில் மிகச் சிறிதே சேர்கிறது. எல்லாச் சோதனையிலும் ‘ஆம்’ என்று சொல்லும் பொருள் எதற்கும் விடை சொல்லவில்லை. இதனால் சாம்பாரில் மஞ்சளை நிறுத்திவிட வேண்டாம். மஞ்சள் சமையலுக்கு ஆகும், சலாகைக்கு ஆகாது. அவ்வளவே. மருந்துக்கூர்க்கனின் சாறும் உடல் மெலிவதற்கென்று குப்பிகளில் அடைத்து விற்கப்படுகிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் நற்பெயர் பெற்றது என்பதாலேயே அதனை வாங்கி விழுங்கலாம் என்று எண்ணுவது, சலாகையையும் மருந்தையும் ஒன்றாக்குவதாகும். இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

இத்தனை விதிகள் வகுத்த பின்னும் அவற்றைக் கடைப்பிடிக்கின்றனரா என்றால், விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. பெயர் பெற்ற எட்டுச் சலாகைகளைப் பயன்படுத்திய 662 கட்டுரைகளைத் தேடிப் படித்து 2023-இல் ஒரு கணக்கெடுத்தனர். தக்க அளவில் இட்டு, செயலற்ற தம்பியையும் வைத்து, வேறு அமைப்புடைய இரண்டாவது சலாகையாலும் சரிபார்த்தவை நூற்றுக்கு நான்கே! சலாகைகளில் குறையில்லை, பிடித்த கைகளில்தான் குறை. தம்பியையும் வாங்கினால் செலவு இரட்டிப்பாகும், சோதனை இரட்டிப்பாகும், சில வேளைகளில் அழகான முடிவு கைவிட்டுப் போகும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளும் மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்துறைக்குச் செல்வர். விற்பனைப் பட்டியலில் ஒரு பொருளின் அருகே ‘இன்ன புரதத்தின் தடைப்பொருள்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும் அதைச் சாட்சியாகக் கொண்டுவிட வேண்டாம் என்று அவர்களை மிகவும் வேண்டுகிறோம்.

ஃபோர்ஸ்கோலினைப் பற்றி இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. நீரில் கரையும்படி அதை மாற்றியமைத்த பொருளொன்று ஜப்பானில் இதயம் தளர்ந்த நோயாளிகளுக்கு மருந்தாயிற்று. அதைவிட வியப்பானது மற்றொரு பயன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. உப்பையும் நீரையும் வெளியே விடும் வாயில் ஒன்று பழுதாகி, நுரையீரலில் சளி கெட்டியாக அடைத்துக்கொள்ளும் நோய் அது. 2013-இல் நெதர்லாண்டில் உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நோயாளியின் மலக்குடலிலிருந்து மிகச் சிறு துணுக்கை எடுத்து, கிண்ணத்தில் வளர்த்தனர். அது சிறு சிறு உருண்டைகளாக வளர்கிறது. அவற்றின் மேல் ஃபோர்ஸ்கோலினை இட்டால் தூதன் பெருகி வாயிலைத் திறக்கிறான். நீர் உள்ளே புகுந்து உருண்டைகள் பலூன் போல ஊதுகின்றன. வாயில் பழுதான நோயாளியின் உருண்டைகளோ ஊதுவதில்லை, அல்லது சிறிதே ஊதுகின்றன. அங்கே நோயே செயலற்ற தம்பியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஊதுவது அந்த வாயிலால்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பிறகு, வாயிலைச் சீர்செய்யும் மருந்துகளை ஒவ்வொன்றாக அவ்வுருண்டைகளுக்குக் கொடுத்து, மீண்டும் ஃபோர்ஸ்கோலின் இட்டுப் பார்க்கின்றனர். எந்த மருந்தால் உருண்டை ஊதுகிறதோ, அந்த மருந்து அந்நோயாளிக்கு உதவக்கூடும். விலை மிகுந்த மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்து ஏமாறாமல், கிண்ணத்திலேயே முன்கூட்டி அறிய அது வழி செய்கிறது. முலுண்டில் ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருள், யாரோ ஒரு குழந்தைக்கு எந்த மருந்து ஏற்கும் என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நடனமாடும் குழந்தைகளின் பொறுமையை இதற்கு மேலும் சோதிக்க நாம் விரும்பவில்லை.